கன்சோலுக்கு வைஃபை வாங்குவதற்கு முன்னால் பரணில் ஒரு தடவை பாருங்கள்

போன வாரம் பாளையங்கோட்டையில் இருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பிஎஸ்4 வாங்கிட்டேன், செகண்ட் ஹேண்ட்ல. மாடியில என் ரூம்லதான் இருக்கு. வைஃபை ஒரே ஒரு கோடுதான் காட்டுது, ஒரு கேம் மூணு நாளா டவுன்லோட் ஆகிக்கிட்டே கெடக்கு. கடையில கேட்டா ரவுட்டரையே மாத்தணும், நாலாயிரம் ஆகும்ங்கிறாங்க. அம்மாகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு தெரியல" என்றான்.

எதுவும் வாங்காதே, முதலில் கன்சோலின், அதாவது டிவியில் மாட்டி விளையாடும் அந்தப் பிஎஸ்4 பெட்டியின், பின்பக்கத்தையும், கீழே ரவுட்டர் இருக்கும் இடத்தையும், நடுவில் இருக்கும் மாடிப்படியையும் போட்டோ எடுத்து அனுப்பு என்றேன். அவன் கேட்ட கேள்வி எனக்குப் புதிது இல்லை. 2012ல் நான் இதே இடத்தில்தான் நின்றேன், எக்ஸ்பாக்ஸ் 360 என்ற வேறொரு கன்சோலை வைத்துக்கொண்டு. அப்போது நாலு நாள் அலைந்து கற்றுக்கொண்டதுதான் அவனுக்கும் உதவியது. இதே பிரச்சினையோடு வேறு சிலரும் என்னிடம் கேட்டிருப்பதால் முழுதாகவே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் அடிப்படை விஷயம். கன்சோலின் பின்பக்கம் லேன் கேபிள், அதாவது நெட்டைக் கொண்டுவரும் வயர், செருகும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3, பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் எல்லாவற்றிலும் உண்டு. அந்தத் துளை இருந்தால் கன்சோலுக்கு வைஃபை தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது என்று அது கேட்பதும் இல்லை. வீட்டு ரவுட்டரே இருக்கலாம், லேப்டாப் இருக்கலாம், வைஃபையைப் பிடித்து கேபிளில் தரும் வேறொரு சின்னப் பெட்டியும் இருக்கலாம். அதனால் வயர்லெஸ் வேலையைக் கன்சோல் தலையில் கட்டாமல், அந்தச் சின்னப் பெட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பெட்டி பல வீடுகளில் ஏற்கெனவே பரணில் கிடக்கிறது. பழைய ரவுட்டர்தான் அது.

இப்போது 2012 கதை. என்னிடம் இருந்தது 2009ல் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் 360, அந்தப் பழைய வெள்ளை மாடல். அதில் வைஃபை கிடையாது. 2010ல் வந்த 360 எஸ் மாடலில்தான் உள்ளேயே வைத்தார்கள். பழைய மாடலுக்குத் தனியாக ஒரு வயர்லெஸ் அடாப்டர் உண்டு, பின்பக்கம் மாட்டி யுஎஸ்பியில் செருக வேண்டும், அமெரிக்காவில் அதன் விலை 99.99 டாலர். அன்றைய டாலர் கணக்கில் ஐயாயிரம் ரூபாய்க்கு மேல். என் தம்பி அந்த வருடம்தான் புனேவுக்கு வேலைக்குப் போயிருந்தான், அவனிடம் புது மாடல் 360. சின்ன வயதில் இருந்து ஒரே டிவி முன்னால் தரையில் உட்கார்ந்து விளையாடியவர்கள் நாங்கள். சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் சேர்ந்து விளையாடலாம், பேசிக்கொண்டே விளையாடலாம் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், எனக்கும் அவன் இல்லாத வீடு என்னவோபோல் இருந்தது.

மதுரையில் அப்போது வாடகை வீடு. மோடம் முன் ஹாலில், போன் லைன் வரும் இடத்தில். டிவி பின் அறையில். நடுவில் இரண்டு செங்கல் சுவர், அம்மாவின் இரும்பு பீரோ, சமையல்கட்டு. சுவரில் ஒரு ஆணி அடித்தாலும் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும், தரையோடு கேபிள் விட்டால் மூன்று வாசல்படியைத் தாண்ட வேண்டும், அம்மா ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து நடக்கிற பாதை அது. இந்தத் தடைகள் இல்லையென்றால் கேபிள்தான் முதல் வழி, இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். லேன் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் தாங்கும். விளையாட்டுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை, மீட்டர் கணக்கில் வெட்டி இரண்டு முனையிலும் பின் அடித்துத் தரச் சொன்னால் கம்ப்யூட்டர் கடையில் ஐந்து நிமிட வேலை. உங்கள் வீட்டில் கேபிள் இழுக்க வழி இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், போய் அளந்து வாங்கி மாட்டிவிடுங்கள்.

வழி இல்லாதவர்களுக்கு மீதி.

நான் முதலில் செய்தது ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கியது. விரல் நீளம்தான் இருக்கும், கம்ப்யூட்டரில் செருகினால் வைஃபை வரும். கடைக்காரர் "இது எல்லாத்துக்கும் போகும்ணே" என்றார். போகாது. கம்ப்யூட்டரில் அது வேலை செய்வது விண்டோஸில் அதற்கான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இருப்பதால். கன்சோலில் அந்த டிரைவர் கிடையாது, நாமாகப் போடவும் விடாது. எக்ஸ்பாக்ஸ் 360 தனக்கென்று வந்த அடாப்டரை மட்டும்தான் யுஎஸ்பியில் அடையாளம் காணும். பிஎஸ்4லும் இதே கதைதான். எனவே டாங்கிள் பக்கம் போகாதீர்கள், இன்றைக்கும் இதைச் சொல்லி விற்கிறார்கள்.

அடுத்தது லேப்டாப். இதற்குப் பைசா செலவில்லை. லேப்டாப் வைஃபையில் நெட்டைப் பிடிக்கும், அதன் லேன் துளையில் இருந்து கன்சோலுக்கு ஒரு சின்னக் கேபிள். விண்டோஸில் நெட்வொர்க் கனெக்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய், வைஃபை இணைப்பின் ப்ராபர்ட்டீஸில் ஷேரிங் என்ற தாவலைத் திறந்து, மற்றவர்கள் இந்த இணைப்பைப் பயன்படுத்தலாம் என்பதை டிக் செய்து, கீழே லேன் இணைப்பைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸ் 7ல் இருந்து லேப்டாப் தனக்கு 192.168.137.1 என்ற அட்ரஸை வைத்துக்கொண்டு கன்சோலுக்கும் அதே வரிசையில் ஒன்றைக் கொடுத்துவிடும். எக்ஸ்பாக்ஸில் டெஸ்ட் போட்டேன். நெட்வொர்க் டிக், இன்டர்நெட் டிக், ஆன்லைனில் சேர்ந்து விளையாடும் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவுக்கும் டிக். தம்பிக்கு உடனே போன் செய்தேன்.

ஆனால் அவன் அனுப்பிய அழைப்பில் என்னால் சேர முடியவில்லை. அன்று ராத்திரி 12 மணி வரைக்கும் முயற்சி செய்தோம். நான் கூப்பிட்டால் அவனுக்கு வரும், அவன் வருவதற்குள் அறுந்துவிடும். டெஸ்ட் முடிவை மறுபடி நிதானமாகப் படித்தபோதுதான் கீழே ஒரு வரி இருந்தது, என்ஏடி ஸ்ட்ரிக்ட் என்று. அவனிடம் பார்க்கச் சொன்னேன், அவனுடையது மாடரேட். ஸ்ட்ரிக்ட் என்று இருப்பவரால் ஓப்பன் என்று இருப்பவரோடு மட்டும்தான் சேர முடியும், மாடரேட்டோடு முடியாது. எங்கள் இருவரையும் பிரித்து வைத்தது அந்த ஒரு வரி.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நெட் வருகிறது ஆனால் ஃப்ரெண்டோடு சேர முடியவில்லை என்று சொல்பவர்களில் பலருக்குக் காரணம் இங்கேதான் இருக்கும். என்ஏடி என்பது வீட்டு ரவுட்டர் வாசலில் நின்று செய்யும் வேலை, அதில் எவ்வளவு கறார் என்பதுதான் ஸ்ட்ரிக்ட், மாடரேட், ஓப்பன். அந்த ரவுட்டர் ஒரு காம்பவுண்டின் வாட்ச்மேன் மாதிரி. உள்ளே இருப்பவர் வெளியே யாரிடம் பேசப் போனார் என்று குறித்து வைத்துக்கொள்வார், அவரிடம் இருந்து பதில் வந்தால் உள்ளே விடுவார். யாரென்றே தெரியாதவர் வெளியில் இருந்து நேராக வந்தால் விடமாட்டார். ஆன்லைன் விளையாட்டில், குறிப்பாக 360 காலத்து விளையாட்டுகளில், ஒருவர் கன்சோல் மற்றவர் கன்சோலை நேராகத்தான் கூப்பிடும். அதற்காகவே யுபிஎன்பி என்று ஒரு வசதி உண்டு, என் பெயரைச் சொல்லி ஆள் வந்தால் உள்ளே விடுங்கள் என்று கன்சோல் ரவுட்டரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கும். லேப்டாப்பை நடுவில் வைத்தால் என்ன ஆகிறது? லேப்டாப்பும் ஒரு வாட்ச்மேன் ஆகிவிடுகிறது. கன்சோல் சொல்வது லேப்டாப்போடு நின்றுவிடும், வாசல் வாட்ச்மேனுக்குப் போய்ச் சேராது. தம்பி அங்கேயே திருப்பி அனுப்பப்படுகிறான்.

நெட்டில் படம் பார்க்க, கேம் டவுன்லோட் செய்ய, அப்டேட் போட மட்டும் என்றால் லேப்டாப் வழி தாராளமாகப் போதும். ஆனால் லேப்டாப் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், தூங்கிப் போனால் விளையாட்டும் நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை.

பிறகுதான் பழைய ரவுட்டர் யோசனை. முதலில் கையில் கிடைத்தது முன்பு இருந்த பிராட்பேண்ட் இணைப்போடு வந்த, போன் லைனில் மாட்டும் ஏடிஎஸ்எல் மோடம், அதிலும் வைஃபை உண்டு. ஒரு முழு சாயங்காலம் அதில் தேடினேன். அதில் வைஃபையைக் கொடுக்க மட்டும்தான் தெரியும், வாங்கத் தெரியாது. இந்த வித்தியாசம் முக்கியம். நமக்கு வேண்டியது இன்னொரு ரவுட்டரின் வைஃபையில் போய்ச் சேர்ந்து, அதைத் தன் லேன் துளையில் கொடுக்கும் ரவுட்டர். செட்டிங்ஸில் கிளையன்ட், கிளையன்ட் பிரிட்ஜ், டபிள்யூடிஎஸ், ரிப்பீட்டர், ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லையென்றால் அதை எடுத்துப் பரணிலேயே வைத்துவிடலாம்.

கோயம்புத்தூரில் இருந்த ஒரு நண்பனிடம் இதைப் புலம்பியபோது, தன்னிடம் சும்மா கிடந்த ஒரு நீலமும் கறுப்புமான ரவுட்டரை, இரண்டு ஆண்டெனா வைத்தது, பஸ்ஸில் போட்டு அனுப்பினான். லிங்க்சிஸ் கம்பெனியின் டபிள்யூஆர்டி54ஜிஎல். அந்தப் பெட்டியின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. டபிள்யூஆர்டி54ஜி என்ற மாடல் 2002 டிசம்பரில் வந்தது. உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை ஜிபிஎல் உரிமத்தில் எடுத்து விற்றால் அதன் மூலநிரலையும் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதைக் கேட்டார்கள், 2003ல் மூலநிரல் வெளியே வந்தது. அங்கிருந்துதான் ஓபன்டபிள்யூஆர்டி, டிடி-டபிள்யூஆர்டி என்று ரவுட்டரில் நாமே போட்டுக்கொள்ளும் இலவச மென்பொருள்கள் எல்லாம் கிளம்பின. 2005ல் வந்த ஐந்தாவது பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு மெமரியையும் பாதியாக்கிவிட்டார்கள், ஃப்ளாஷ் 2 எம்பி, ராம் 8 எம்பி. லினக்ஸ் வேண்டும் என்பவர்களுக்காக 4 எம்பி ஃப்ளாஷ், 16 எம்பி ராமோடு தனியாக வந்ததுதான் இந்த ஜிஎல். அதனால்தான் பழைய ரவுட்டர் என்றால் மாடல் பெயர் மட்டும் போதாது, கீழே ஸ்டிக்கரில் இருக்கும் பதிப்பு எண்ணையும் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். பெயரும் உருவமும் ஒன்று, உள்ளே வேறு.

யாரோ சிலர் விதியைக் காட்டி மூலநிரலைக் கேட்டதால், அதை எடுத்து இன்னும் சிலர் இரவு பகலாக எழுதி இலவசமாகக் கொடுத்ததால், மதுரையில் ஒரு வாடகை வீட்டில் எனக்கு ஐயாயிரம் ரூபாய் மிச்சமானது. அவர்களை நான் பார்த்ததே இல்லை. நன்றி இருக்கிறது.

அந்த ஜிஎல்லில் டிடி-டபிள்யூஆர்டி போடும்போது ஒரே ஒரு பயம்தான், நடுவில் கரண்ட் போகக்கூடாது. பாதி எழுதிய நிலையில் போனால் ரவுட்டர் செத்த கட்டைதான். 2012ல் தென்மாவட்டங்களில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் வந்த நிமிடமே உட்கார்ந்துவிட்டேன், லேப்டாப்பில் பேட்டரி முழுதாக, ரவுட்டர் இன்வெர்ட்டர் லைனில். வைஃபை வழியாகப் போடாமல் லேன் கேபிள் மாட்டித்தான் போட வேண்டும். ஜிஎல்லில் கம்பெனி ஃபர்ம்வேர், அதாவது கம்பெனியே உள்ளே வைத்த மென்பொருள், இருந்தால் முதலில் மினி பதிப்பைப் போட்டு, அது சரியாக ஓடிய பிறகுதான் பெரிய பதிப்பு. நான் மினியோடு நிறுத்திக்கொண்டேன், கிளையன்ட் பிரிட்ஜ் அதிலேயே இருக்கிறது.

அதற்கப்புறம் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வயர்லெஸ் பக்கத்தில் மோடை கிளையன்ட் பிரிட்ஜ் என்று மாற்ற வேண்டும். ஹால் மோடத்தின் வைஃபை பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. செக்யூரிட்டியில் அங்கே எது இருக்கிறதோ அதே வகை, அதே பாஸ்வேர்ட். ஃபயர்வாலை அணைத்துவிட வேண்டும். டிஹெச்சிபியையும் அணைக்க வேண்டும், ஏனென்றால் அட்ரஸ் கொடுக்கும் வேலை ஹாலில் இருப்பவருடையது, வீட்டில் இரண்டு பேர் அதைச் செய்தால் குழப்பம்தான். அப்புறம் இந்த ரவுட்டரின் சொந்த ஐபி அட்ரஸ். இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். என் மோடமும் 192.168.1.1, இந்த ரவுட்டரும் 192.168.1.1. இரண்டும் ஒரே பெயரில் ஒரே வீட்டில் இருந்தால் யாரிடம் பேசுகிறோம் என்று எந்தக் கருவிக்கும் தெரியாது. இரண்டாவதை 192.168.1.2 என்று மாற்றி, கேட்வே என்ற இடத்தில் 192.168.1.1 கொடுத்தேன். மாற்றிச் சேமித்த உடனே பழைய அட்ரஸில் பக்கம் திறக்காது, புதிய அட்ரஸை அடிக்க வேண்டும். பல பேர் இந்த இடத்தில்தான் ரவுட்டர் கெட்டுப்போச்சு என்று பயந்து ரீசெட் செய்து முதலில் இருந்து ஆரம்பிக்கிறார்கள்.

பிறகு ரவுட்டரைப் பின் அறைக்குக் கொண்டுபோய், மஞ்சள், நீலம் என்று எந்த நிறமானாலும் லேன் என்று எழுதியிருக்கும் துளையில் இருந்து, வெளியில் இருந்து நெட் வரும் வேன் என்ற துளையில் இருந்து இல்லை, எக்ஸ்பாக்ஸுக்குக் கேபிள். டெஸ்ட். என்ஏடி ஓப்பன்.

அந்தச் சனிக்கிழமை விடிய விடிய விளையாடினோம். என்ன விளையாடினோம் என்பதுகூட மறந்துவிட்டது. நடுநடுவே அம்மா வந்து மைக்கைப் பிடுங்கி அவனிடம் சாப்பிட்டியா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது.

இது ஏன் லேப்டாப்பைப் போல இரண்டாவது வாட்ச்மேன் ஆகவில்லை என்றால், பிரிட்ஜ் என்பது வெறும் பாலம். கன்சோலுக்கு அட்ரஸ் நேராக ஹால் மோடத்தில் இருந்தே வருகிறது, யுபிஎன்பி பேச்சும் நேராக அங்கேயே போகிறது. ஆனால் இதில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. சாதாரண வைஃபை பாக்கெட்டில், அதாவது அது அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டிலும், மூன்று முகவரிக்குத்தான் இடம். ரவுட்டரோடு இணையும் கருவி தன் சொந்த மேக் அட்ரஸைத்தான், அதாவது கருவிக்குக் கம்பெனியே கொடுத்த அடையாள எண்ணைத்தான், சொல்ல முடியும், எனக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார் என்று சொல்ல அதில் இடம் இல்லை. அதனால் கிளையன்ட் பிரிட்ஜ் தன் மேக் அட்ரஸையே கன்சோலுக்கும் போட்டு அனுப்பிவிட்டு, பதில் வரும்போது ஐபியைப் பார்த்துப் பிரித்துக் கொடுக்கிறது. ஹால் ரவுட்டரின் பட்டியலில் ஒரே மேக் அட்ரஸில் இரண்டு ஐபி தெரிந்தால் பயப்பட வேண்டாம், காரணம் இதுதான். நான்காவது முகவரிக்கும் இடம் வைத்த முறைதான் டபிள்யூடிஎஸ். அது இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் சுத்தமாக வேலை செய்யும், இரண்டும் வேறு வேறு கம்பெனி என்றால் பல சமயம் ஒத்துப்போகாது.

இன்றைய நிலவரத்துக்கு வருகிறேன். ஜிஎல் வைஃபை 54 எம்பிபிஎஸ் என்று சொல்வார்கள், கைக்கு வருவது இருபது சொச்சம். அன்று இருந்த பிராட்பேண்டுக்கு அதுவே அதிகம், இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் வந்த பிறகு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் ஊரில் அதிகம் கிடைப்பது டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் வகை, இரண்டு மூன்று வருடத்துக்கு முன் ஃபைபர் வந்தபோது கழற்றி வைத்தது. அதில் கம்பெனி ஃபர்ம்வேரிலேயே டபிள்யூடிஎஸ் இருக்கிறது, புதிய பதிப்புகளில் ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் மோடே இருக்கிறது, அதனால் ஃபர்ம்வேர் மாற்றும் வேலை இல்லாமலே முடியலாம், முதலில் அதைத் தேடுங்கள். 4 எம்பி ஃப்ளாஷும் 32 எம்பி ராமும் உள்ள பழையவற்றுக்குப் புதிய ஓபன்டபிள்யூஆர்டி வருவதில்லை. பரணில் இருந்து எடுக்கும்போது பவர் அடாப்டரும் அதனுடையதுதானா என்று பாருங்கள். ஒன்று 9 வோல்ட், இன்னொன்று 12 வோல்ட் என்று இருக்கும், பின் இரண்டுக்கும் பொருந்தும். மாற்றிச் செருகி எரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புது ஃபைபர் ரவுட்டரில் வைஃபையின் பூட்டு டபிள்யூபிஏ3 என்ற புதிய வகை மட்டும் என்று வைத்திருந்தால் பழைய ரவுட்டரால் சேர முடியாது, டபிள்யூபிஏ2ம் 3ம் கலந்த முறைக்கு மாற்றினால் போதும். ஆனால் பழையதற்கு டபிள்யூஇபி என்ற பழைய வகை மட்டும்தான் தெரியும் என்றால் அதற்காக வீட்டு வைஃபை முழுவதையும் டபிள்யூஇபிக்கு இறக்காதீர்கள். சில நிமிடங்களில் உடைக்கக்கூடிய பூட்டு அது. ஒரு கன்சோலுக்காக வீட்டில் எல்லாருடைய போனையும் திறந்து போட வேண்டாம்.

பரணில் எதுவும் இல்லை, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், லேன் துளை வைத்த ரேஞ்ச் எக்ஸ்டெண்டர் வாங்குங்கள். பிளக் பாயிண்டில் நேராகச் செருகுவது. லேன் துளை இல்லாத மாடல்களும் அதே மாதிரிதான் இருக்கும், பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஒரே பேண்ட், அதாவது ஒரே அலைவரிசை, உள்ள எக்ஸ்டெண்டர் வைஃபையை வாங்கி வைஃபையாகவே திருப்பிக் கொடுத்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் ஒரே ரேடியோ கேட்கவும் வேண்டும் பேசவும் வேண்டும். கேபிளில் கொடுத்தால் அந்த நஷ்டம் இல்லை. எக்ஸ்டெண்டர் வாங்கியும் ஸ்பீடு வரவில்லை என்பவர்கள் ஒரு தடவை கேபிள் போட்டுப் பாருங்கள்.

மின்சார வயர் வழியாகவே நெட்டைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. த்ரீ ஃபேஸ் வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொரு ஃபேஸிலும் இருந்தால் சிக்னல் சரியாகப் போகாது, யுபிஎஸ்ஸுக்குப் பின்னால் செருகினாலும் போகாது. நண்பரிடம் கடன் வாங்கிச் சோதித்துவிட்டு வாங்கலாம், நேராகக் காசு போட வேண்டாம்.

இனி பாளையங்கோட்டை. போட்டோக்கள் வந்தன. பிஎஸ்4 டிவி அலமாரிக்குள், டிவிக்குப் பின்னால், சுவரை ஒட்டி. ரவுட்டர் கீழே வாசல் பக்கம், இரும்பு கேட்டுக்கு அருகில். அவன் வாங்கியது 2013ல் வந்த முதல் பிஎஸ்4 வகை. அதன் வைஃபைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் தெரியாது. ஸ்லிம், ப்ரோ மாடல்களுக்குத்தான் 5 வந்தது. தெருவில் எல்லா வீட்டு வைஃபையும், அக்காவின் மைக்ரோவேவும் நெரிசலாகக் கூடும் இடம் அந்த 2.4.

முதலில் அலமாரியில் இருந்து வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். ஒரு கோடு இரண்டு கோடானது. கீழே ரவுட்டரில் 2.4க்குச் சேனல் தானாக என்று இருந்ததை 1, 6, 11 மூன்றிலும் மாற்றி மாற்றிப் பார்க்கச் சொன்னேன், 11ல் கொஞ்சம் நன்றாக இருந்தது. இவை இரண்டும் செலவில்லாதவை, யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள்.

அப்புறம் பரண். அவர்கள் வீட்டுப் பரணில் ஒன்றும் இல்லை, ஆனால் எதிர் வீட்டுக்காரர்கள் கழற்றி வைத்த எக்ஸ்டெண்டர் ஒன்று இருந்தது, இரண்டு பேண்டும் உள்ளது, லேன் துளையும் உண்டு. அக்கா கேட்டவுடன் கொடுத்துவிட்டார்கள். அதை அவன் நேராகக் கொண்டுபோய்த் தன் அறையில் பிஎஸ்4க்குப் பக்கத்தில் செருகினான், மறுபடியும் அதே ஒரு கோடு. எல்லாரும் இதைத்தான் செய்வார்கள். கன்சோல் இருக்கும் இடத்தில் சிக்னல் இல்லை என்பதுதானே பிரச்சினை, அங்கேயே கொண்டுபோய் வைத்தால் பெட்டிக்கும் சிக்னல் இருக்காது. போனைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஏறி, 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் எந்தப் படியில் குறைய ஆரம்பிக்கிறது என்று பார், அதற்கு இரண்டு படி கீழே ஒரு பிளக் பாயிண்ட் தேடு என்றேன். படி திரும்பும் இடத்தில், முன்பு பூஜை லைட்டுக்காக வைத்த பாயிண்ட் ஒன்று இருந்தது. அங்கே எக்ஸ்டெண்டர், அங்கிருந்து அவன் அறைக்கு 12 மீட்டர் கேபிள். கேபிளும் பின் அடிக்கும் கூலியும் சேர்த்து 290 ரூபாய். 5 கிகாஹெர்ட்ஸே தெரியாத பிஎஸ்4 இப்போது 5 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகிறது, அதற்குத் தெரியாமலே.

ராத்திரி பத்து மணிக்கு ஒரு ஸ்கிரீன் போட்டோ அனுப்பினான். இன்டர்நெட் டெஸ்டில் என்ஏடி டைப் 2 என்று இருந்தது, ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் கன்சோலுக்கு அதுதான் சரி, டைப் 3 என்றால்தான் கவலைப்பட வேண்டும். மூன்று நாள் இழுத்த டவுன்லோட் அன்று தூங்கப் போவதற்குள் முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் அக்கா போன். கேபிள் படிக்கட்டு ஓரமாகத் தொங்குகிறது, அத்தை ஏறி வரும்போது காலில் மாட்டும், அதற்கு ஏதாவது பண்ணு என்றாள். பத்து ரூபாய்க்கு ஒரு பாக்கெட் கிளிப் வாங்கி கேபிளைச் சுவர் ஓரமாக வைத்து அடிக்கச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி ஊருக்கு வருகிறான், அவனையும் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டை போகிறோம், கிளிப் அடிக்கும் வேலை மிச்சம் இருந்தால் நாங்களே முடித்துவிடுவோம்.